கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் கோளாறு: அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கும் வழி

எஞ்சினின் சூட்டை இசியூவுக்கு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) சொல்லும் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார், விரல் நீளம்கூட இல்லாத ஒரு சிறிய உதிரி. பல கார்களுக்குச் சில நூறு ரூபாயில் கிடைத்துவிடும். அதனாலேயே சோதித்துப் பார்க்காமல் முதலில் அதை மாற்றிவிடும் பழக்கம் வொர்க்‌ஷாப்களில் இருக்கிறது. புதுசு போட்டும் ரேடியேட்டர் ஃபேன் ஓயாமல் சுற்றும், மைலேஜ் அப்படியே கிடக்கும். பழுது சென்சாரில் இல்லாமல் கப்ளரிலோ (சென்சாரில் வயரை மாட்டும் இணைப்பு) வயரிலோ தெர்மோஸ்டாட்டிலோ (ரேடியேட்டருக்குப் போகும் கூலன்ட் வழியைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடுவது) கூலன்ட் அளவிலோ இருந்திருக்கும்.

இங்கே சொல்வது நம் சாலைகளில் ஓடும் சாதாரண பெட்ரோல் கார்களில் உள்ள இரண்டு பின் சென்சாரைப் பற்றி. டீசலுக்கு மாறுபடும் இடங்களைக் கடைசிப் பகுதியில் பார்க்கலாம். தேவையானவை: டிஜிட்டல் மல்டிமீட்டர், காரின் இசியூவோடு இணைந்து லைவ் டேட்டா காட்டும் ஓபிடி ஸ்கேனர் (இஎல்எம்327 வகை புளூடூத் கருவியும் மொபைல் ஆப்பும் போதும்), 100 டிகிரிக்கு மேல் அளக்கும் தெர்மாமீட்டர். டெஸ்ட் லேம்ப் வேண்டாம். இந்த சர்க்யூட்டில் ஓடுவது இரண்டு மூன்று மில்லி ஆம்பியர்தான். பல்பை வைத்துச் சோதித்தால் பல்பும் எரியாது, இசியூவுக்கும் நல்லதல்ல.

முதலில் எண்கள்

சென்சாருக்குள் இருப்பது என்டிசி தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். இசியூ தன்னுள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் அனுப்பி, சென்சாரில் எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று பார்த்துச் சூட்டைக் கணக்கிடுகிறது. பல ஜப்பானிய, ஐரோப்பிய வகை சென்சார்களின் அளவுகள் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

0 டிகிரி: 5.5 முதல் 6 கிலோ ஓம்
20 டிகிரி: 2.5 கிலோ ஓம்
30 டிகிரி: 1.7 கிலோ ஓம்
40 டிகிரி: 1.15 கிலோ ஓம்
60 டிகிரி: 600 ஓம்
80 டிகிரி: 320 ஓம்
100 டிகிரி: 185 ஓம்
120 டிகிரி: 110 ஓம்

உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் வேறு அட்டவணை இருந்தால் அதையே நம்புங்கள். 20 டிகிரியில் மூன்றரை கிலோ ஓம் காட்டும் வகைகளும் உண்டு. ஆனால் சூடேறும்போது தடை இறங்கும் விதம் எல்லாவற்றிலும் இதே மாதிரிதான்.

இந்த அட்டவணையில் கவனிக்க வேண்டியது, குளிர்ந்த நிலையில் ஆயிரக்கணக்கில் இருக்கும் ஓம், சூட்டில் நூற்றுக்கணக்கில் வந்துவிடுகிறது என்பது. கப்ளரில் பச்சை பூத்து 100 ஓம் கூடுதலாகச் சேர்ந்தது என்று வையுங்கள். காலையில் 1,700 ஓமோடு 100 சேர்ந்தால் இசியூ 30 டிகிரிக்குப் பதில் 28 அல்லது 29 என்று படிக்கும், யாருக்கும் தெரியாது. அதே 100 ஓம், கொதிநிலையில் 185-ஐ 285 ஆக்கிவிடும். எஞ்சின் 100 டிகிரியில் இருக்க, இசியூ 84 என்று நினைத்துக்கொள்ளும். தண்ணீர் புகுந்து இரண்டு பின்களுக்கும் இடையே மின்கசிவு ஏற்பட்டால் கதை தலைகீழ். 5 கிலோ ஓம் கசிவு இருந்தால் 20 டிகிரியின் 2.5 கிலோ ஓம் 1.7 ஆகக் குறைந்து 30 டிகிரி போலக் காட்டும். சூட்டில் அந்தக் கசிவால் எந்த வித்தியாசமும் தெரியாது.

ஆகவே குளிரில் சரி, சூட்டில் குறைத்துக் காட்டுகிறது என்றால் காண்டாக்ட் கோளாறு. குளிரில் கூட்டிக் காட்டுகிறது, சூட்டில் சரி என்றால் மின்கசிவு. சூடு எங்கே நின்றாலும் தாறுமாறாகக் காட்டினால் அப்போது சென்சாரைச் சந்தேகப்படலாம்.

காலைச் சோதனை

எந்த அறிகுறியாக இருந்தாலும் இதிலிருந்து தொடங்குங்கள். இரவு முழுக்க நின்ற காரில், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, ஸ்கேனரில் கூலன்ட் சூட்டையும் உள்ளிழுக்கும் காற்றின் சூட்டையும் பாருங்கள். இரண்டும் வெளிச் சூட்டுக்கு மூன்று நான்கு டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். வெளியே 28, காற்று 29, கூலன்ட் 45 என்றால் எஞ்சின் மூடியைத் திறக்காமலே பாதி வேலை முடிந்தது. வெயிலில் நின்ற காரில் இதைச் செய்யாதீர்கள். பானெட்டுக்குக் கீழே காற்றும் கூலன்டும் வேறு வேறு வேகத்தில் சூடேறும்.

அப்படியே ரேடியேட்டரில் கூலன்ட் அளவையும் பார்த்துவிடுங்கள். ரிசர்வ் டேங்கில் இருக்கிறது என்பது போதாது. ரேடியேட்டர் மூடி பழுதானால் டேங்க் நிறைந்தே இருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். எஞ்சின் முழுக்க ஆறிய நிலையில் மட்டுமே மூடியைத் திறக்க வேண்டும். ஓடிய எஞ்சினில் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் நிற்கும். திறந்தால் கொதிநீர் முகத்தில்தான் அடிக்கும்.

சாவியைத் திருப்பியதும் ஃபேன் சுற்றுகிறது, ஏசி குளிரவில்லை

செக் எஞ்சின் லைட்டும் எரியும். ஸ்கேனரில் பெரும்பாலும் பி0118 என்ற கோடு (இசியூ பதிவுசெய்யும் பிழை எண்). சர்க்யூட் எங்கோ அறுந்திருக்கிறது என்று பொருள். இசியூவுக்கு மைனஸ் 40 டிகிரி தெரிகிறது. சென்னையில் மைனஸ் 40 என்பது நடக்காத காரியம் என்பதால், சென்சாரை நம்பாமல் ஃபேனை ஓடவிட்டு, ஏசி கம்ப்ரஸரையும் பல மாடல்களில் நிறுத்திவைக்கிறது. எஞ்சினைக் காப்பாற்ற எழுதப்பட்ட ஏற்பாடு இது.

சாவியை ஆஃப் செய்து கப்ளரைக் கழற்றுங்கள். சென்சாரின் இரண்டு பின்களுக்கும் இடையே ஓம் அளந்து அட்டவணையோடு ஒப்பிடுங்கள். மீட்டர் எல்லையைத் தாண்டிக் காட்டினால் சென்சார் உள்ளே அறுந்துவிட்டது, மாற்றுங்கள். அளவு சரியாக இருந்தால் வயர் பக்கம் போக வேண்டும்.

சாவியை ஆன் செய்து, கப்ளரின் வயர் பக்கத்து இரு பின்களுக்கும் இடையே வோல்ட் அளந்தால் 5-க்கு அருகில் வரவேண்டும். வராவிட்டால் ஒவ்வொரு பின்னையும் பேட்டரி நெகட்டிவோடு வைத்து அளங்கள். ஒன்றில் 5 வோல்ட் வருகிறது, ஆனால் இரு பின்களுக்கும் இடையே வரவில்லை என்றால் சென்சாரின் எர்த் வயர் அறுந்திருக்கிறது. இந்த எர்த் பொதுவாக மற்ற சென்சார்களுக்கும் பொது என்பதால், த்ராட்டில் சென்சார், மேப் சென்சார் (இன்டேக் காற்றழுத்தம் அளப்பது) கோடுகளும் சேர்ந்து வந்திருந்தால் சந்தேகம் உறுதியாகும். எதிலுமே 5 வோல்ட் இல்லை என்றால் சிக்னல் வயர் அறுந்திருக்கலாம். இசியூ கப்ளர் வரை வயரைத் தொடர்ந்து பாருங்கள். 12 வோல்ட் காட்டினால் வேறு வயரோடு உரசி ஒட்டியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் சென்சாரை மாட்டாதீர்கள்.

நம் ஊரில் வயர் அறுந்தால் முதல் குற்றவாளி எலி. சில நாள் ஓட்டாமல் நின்ற காரில் இந்தக் கோளாறு வந்தால் பேட்டரிக்குக் கீழேயும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னாலும் டார்ச் அடித்துப் பாருங்கள். கடித்த இடத்தை முறுக்கி டேப் சுற்றுவது தற்காலிகம்தான். ஈயம் வைத்து ஒட்டி ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட வேண்டும். முறுக்கி விட்ட ஜாயின்ட்தான் ஆறு மாதம் கழித்து மேலே சொன்ன 100 ஓமாகத் திரும்பி வரும்.

ஷார்ட் செய்து பார்க்கும் சோதனை

வயரா சென்சாரா என்று ஐந்து நிமிடத்தில் பிரிக்க இதுதான் சிறந்த வழி. கப்ளரைக் கழற்றிய நிலையில் ஸ்கேனர் மைனஸ் 40 காட்ட வேண்டும். பிறகு வயர் பக்கத்து இரு பின்களையும் ஒரு சிறு வயரால் இணைத்தால் 130-க்கும் மேலே, அளவின் உச்சிக்குப் போக வேண்டும். இரண்டும் நடந்தால் வயரும் இசியூவும் அநேகமாகச் சரி. கழற்றியும் மைனஸ் 40-க்கு இறங்காமல் 5, 10 டிகிரியில் நின்றால் வயர் பாதையில் மின்கசிவு இருக்கிறது.

இரண்டு எச்சரிக்கை. சில இசியூக்கள் கோளாறு தெரிந்த கணமே 80 டிகிரி போன்ற ஒரு மாற்று எண்ணைத் தாங்களாகவே போட்டுக்கொள்ளும். ஸ்கேனர் அதைத்தான் காட்டும். அப்போது சூட்டு எண்ணைப் பார்க்காமல் பிழைக் கோடைப் பாருங்கள்: கழற்றினால் பி0118, ஷார்ட் செய்தால் பி0117 வர வேண்டும். இரண்டாவது, மூன்று பின் உள்ள சென்சாராக இருந்தால் அதில் டேஷ்போர்டில் சூடு காட்டும் முள்ளுக்கான சென்சாரும் சேர்ந்திருக்கும். வயரிங் படம் இல்லாமல் எதையும் ஷார்ட் செய்யாதீர்கள்.

காலையில் ஸ்டார்ட் ஆக அடம், ஓடத் தொடங்கினால் சரி

எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருக்கிறது என்று இசியூ நம்பி, குளிர்ந்த எஞ்சினுக்குத் தேவையான கூடுதல் பெட்ரோலைத் தராமல் விடும்போது வரும் அறிகுறி. ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் தடுமாறும், ஐடிலிங்கில் அணையும். சமவெளியில் காலைச் சூடே 26, 28 டிகிரி என்பதால் லேசான பிழை இங்கே வெளியே தெரியாது. ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய் இரவு தங்கினால் மறுநாள் காலை தெரிந்துவிடும். மலையில் மட்டும் ஸ்டார்டிங் ட்ரபிள் என்று வரும் கார்களில் பேட்டரியைப் பார்த்த பிறகு இதைப் பாருங்கள்.

காலைச் சோதனையில் கூலன்ட் எண் அதிகமாக இருக்கும். கப்ளரைக் கழற்றிச் சென்சாரை மட்டும் அளங்கள். சென்சார் சரியான ஓம் காட்டினால் கப்ளருக்குள் ஈரம் இருக்கிறது. எஞ்சினைப் பிரஷர் வாட்டரில் கழுவிய மறுநாள் இது வந்திருந்தால் வேறெங்கும் தேடவே வேண்டாம். காண்டாக்ட் கிளீனர் அடித்து, காற்றால் ஊதி, ரப்பர் சீல் இருக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள். கப்ளருக்குள் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் நிறமே தெரிந்தால் சென்சாரின் உடல் வழியாகக் கூலன்ட் ஏறுகிறது. துடைத்து மாட்டிப் பயனில்லை, சென்சாரை மாற்றுங்கள்.

சூடான எஞ்சின் திரும்ப ஸ்டார்ட் ஆவதில்லை, கறுப்புப் புகை, மைலேஜ் போச்சு

எஞ்சின் குளிர்ந்தே இருக்கிறது என்று இசியூ நினைத்தால் பெட்ரோலை அள்ளி விடும். சைலன்ஸரில் பெட்ரோல் வாடை, கறுத்துப் போன பிளக், உயர்ந்தே நிற்கும் ஐடிலிங், பெட்ரோல் போட நிறுத்திவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் நீண்ட நேரம் சுற்றுவது எல்லாம் இதன் குடும்பம். நாளடைவில் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் கெடும். அதன் விலை சென்சார் விலையைப் போல் பல மடங்கு என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆனால் இங்கேதான் தெர்மோஸ்டாட் வந்து குழப்பும். தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டால் எஞ்சின் உண்மையிலேயே சூடேறாது. சென்சார் சொல்வது உண்மை. நம் வெயிலுக்கு இது எதற்கு என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போட்டுவிடும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள், பழைய கார் வாங்குபவர்கள் நினைவில் வையுங்கள். பி0128 கோடு வந்தால் பெரும்பாலும் தெர்மோஸ்டாட்தான்.

பிரித்தறிவது எளிது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸில் கைவையுங்கள். ஃபேன் எந்த நேரமும் சுற்றலாம், விரலைத் தள்ளியே வையுங்கள். நல்ல தெர்மோஸ்டாட் என்றால் 80-க்குச் சற்று மேலே போகும்வரை ஹோஸ் வெதுவெதுப்பைத் தாண்டாது, பிறகு சட்டென்று சுடும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் தெர்மோஸ்டாட் திறந்தே கிடக்கிறது. ஹோஸ் தொடமுடியாத சூட்டில் இருக்க, ஸ்கேனர் 50 என்று சொன்னால் சென்சாரோ காண்டாக்ட்டோ பொய் சொல்கிறது.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பார்ப்பவர்கள் பளபளப்பான அலுமினியத்தில் குறி வைக்காதீர்கள். அது நிஜத்தைவிட நிறையக் குறைத்துக் காட்டும். சென்சாருக்குப் பக்கத்தில் கறுப்பு டேப் ஒட்டி அதில் அளங்கள்.

எஞ்சின் கொதிக்கிறது, ஃபேன் வரவில்லை, கோடும் இல்லை

இருப்பதிலேயே ஆபத்தானது இது. கோடு இல்லாததால் சென்சார் பக்கம் யாரும் திரும்புவதில்லை. ஃபேன் மோட்டார், ரிலே, ரேடியேட்டர் என்று செலவு ஏறும். இசியூ ஃபேனை 95 டிகிரியில் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு அது எதிர்பார்க்கும் தடை ஏறக்குறைய 210 ஓம். கப்ளரில் 100 ஓம் கூடுதலாக இருந்தால் சென்சார் 110 ஓமுக்கு இறங்கினால்தான் அந்தக் கணக்கு வரும். அது 120 டிகிரி. அதற்குள் ஹெட் கேஸ்கட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே உள்ள சீல்) போய்விடலாம். இசியூ பார்வையில் எல்லாம் இயல்பான எல்லைக்குள் இருப்பதால் கோடு போட அதற்குக் காரணமே இல்லை.

முதலில் ஃபேன் ஓடுமா என்று உறுதிசெய்ய, எஞ்சினை ஓடவிட்டுச் சென்சார் கப்ளரைக் கழற்றுங்கள். ஃபேன் உடனே சுற்றினால் மோட்டார், ரிலே, ஃபியூஸ் எல்லாம் நலம். கழற்றியும் சுற்றாவிட்டால் அந்தப் பாதையைத் தேடுங்கள், சென்சாரை விட்டுவிடலாம்.

அடுத்து, ஏசியை அணைத்து எஞ்சினைச் சூடாக்கி, ஸ்கேனர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உடனே அணைத்து, கப்ளரைக் கழற்றி, சென்சாரின் ஓமை அளந்து அட்டவணையில் எத்தனை டிகிரி என்று பாருங்கள். இரண்டும் மூன்று நான்கு டிகிரிக்குள் இருந்தால் வயர் பாதை சரி. சென்சார் 98 என்று சொல்ல ஸ்கேனர் 83 என்றால் காண்டாக்ட்தான். இன்னொரு வழி: கப்ளரை மாட்டிய நிலையில், சூடான எஞ்சினில், எர்த் பின்னின் பின்பக்கமாக மீட்டர் ஊசியை நுழைத்துப் பேட்டரி நெகட்டிவோடு வோல்ட் அளங்கள். 0.05 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 0.2 காட்டினால் அந்த எர்த் பாதையில் சுமார் 100 ஓம் ஒளிந்திருக்கிறது.

இதே அறிகுறியைக் காற்றுக்குமிழியும் தரும். கூலன்ட் மாற்றி ஒரு வாரத்துக்குள் வந்தால் முதலில் காற்றைத்தான் சந்தேகப்பட வேண்டும். சென்சார் முனை நீரில் மூழ்காமல் காற்றில் நின்றால் எஞ்சின் கொதித்தாலும் அது குறைவாகவே சொல்லும். அதனால்தான், மேலே ஏறிய முள் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று கீழே விழுந்தால் நிம்மதி அடையக் கூடாது. கூலன்ட் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள்.

முள் துள்ளுகிறது, கோளாறு வந்து வந்து போகிறது

பி0119 வரலாம், வராமலும் போகலாம். எஞ்சினை ஓடவிட்டு, ஸ்கேனரில் எண்ணை வரைபடமாகப் போட்டு, கப்ளரிலிருந்து இசியூ வரை வயரை ஒவ்வொரு சாணாக அசைத்துப் பாருங்கள். எண் 88-லிருந்து 60-க்குக் குதித்துத் திரும்பினால் உங்கள் கை இருக்கும் இடம்தான். கூலன்ட் சூடு ஒரு நொடியில் 28 டிகிரி மாறாது. நிஜச் சூட்டு மாற்றம் எப்போதும் மெதுவாகத்தான் வரும். அசைத்தும் அகப்படாவிட்டால் கப்ளரின் பெண் பின்கள் விரிந்திருக்கிறதா என்று பாருங்கள். முன்பு யாராவது தடித்த மீட்டர் ஊசியை உள்ளே செருகியிருப்பார்கள்.

ஸ்கேனரில் எண் நிதானமாக இருக்க, டேஷ்போர்டு முள் மட்டும் ஆடினால் இந்தச் சென்சாரைத் தொடாதீர்கள். பழைய கார்கள் பலவற்றில் முள்ளுக்கு ஒற்றை வயர் சென்சார் தனியாக உண்டு. அதன் எர்த் எஞ்சின் உடல் வழியாகத்தான் போகும் என்பதால், மரையில் டெஃப்லான் டேப் சுற்றி மாட்டினாலே முள் செத்துவிடும்.

தண்ணீரில் வேகவைத்துப் பார்ப்பது

கழற்றிய சென்சாரில் சந்தேகம் மீதமிருந்தால், ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, சென்சாரின் உலோக முனை மட்டும் மூழ்கும்படி கம்பியில் தொங்கவிடுங்கள். பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. 40, 60, 80 டிகிரியிலும் கொதிநிலையிலும் ஓம் அளங்கள். ஒவ்வொரு அளவுக்கும் அடுப்பைக் குறைத்து ஒரு நிமிடம் நிற்க விடுங்கள். தடை ஒரே சீராக இறங்க வேண்டும். நடுவில் எங்காவது எகிறினாலோ நின்றுவிட்டாலோ தூக்கிப் போடுங்கள். ஊட்டியில் செய்பவர்கள், அங்கே தண்ணீர் 93 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். 185 ஓமுக்குப் பதில் 220, 230 வந்தால் சென்சாரைக் குறை சொல்லக் கூடாது.

மாற்றும்போது

ஆறிய எஞ்சினில் மட்டும். அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் கூலன்டைக் கீழே இறக்கிக்கொண்டால் சிந்தாது. பெரும்பாலான மரை வகைகளுக்கு 19 எம்எம் ஆழமான சாக்கெட் பொருந்தும். பிளாஸ்டிக் ஹவுசிங்கில் கிளிப் போட்டு நிற்கும் வகையில் ஓ ரிங் புதிதாகத்தான் போட வேண்டும். வாஷர் உள்ள வகையில் பழைய வாஷரைத் திரும்பப் போடாதீர்கள். முறுக்கு 15 முதல் 20 நியூட்டன் மீட்டர் பல மாடல்களுக்குப் போதும். அலுமினிய ஹெட்டில் பலம் காட்டினால் மரை கையோடு வந்துவிடும். மாட்டும் முன் புதுச் சென்சாரையும் ஒருமுறை ஓம் அளந்துவிடுங்கள். பழையதும் புதியதும் ஒரே சூட்டில் வெகுவாக வேறுபட்டால் கடைக்காரர் வேறு மாடலுக்கானதைக் கொடுத்திருக்கலாம். மரை பொருந்துகிறது என்பதற்காக அட்டவணை பொருந்தாது.

தயாரிப்பாளர் சொன்ன கூலன்டையே ஊற்றுங்கள்; கலந்து ஊற்றும் வகையானால் டீமினரலைஸ்டு தண்ணீரோடு. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று போகும் திருகு இருந்தால் திறந்து, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கிக் குமிழி நிற்கும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். ஏசி அணைந்த நிலையில் ஃபேன் தானாக இரண்டு முறை வந்து நிற்க வேண்டும். எஞ்சின் ஆறிய பிறகு அளவைப் பார்த்து நிரப்புங்கள். சோதனையில் நீங்களே உண்டாக்கிய கோடுகளையும் சேர்த்து அழித்துவிட்டு, மறுநாள் காலைச் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.

டீசல் கார்களில்

அளக்கும் முறை ஒன்றுதான், அறிகுறி வேறு. சென்சார் குளிர் என்று பொய் சொன்னால், குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் க்ளோ பிளக்கின் லைட் வெயில் காலத்திலும் நீண்ட நேரம் எரியும். சூடு என்று சொன்னால் க்ளோ பிளக் வேலை செய்யாமல், மலைப்பகுதியில் காலையில் வெள்ளைப் புகையோடு திணறும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது என்று கணக்கானால் இசியூ இழுவையைக் குறைத்துவிடும். டர்போவையும் டீசல் ஃபில்டரையும் பார்த்து அலுத்த பிறகுதான் பலரும் சென்சார் பக்கம் வருகிறார்கள். ஸ்கேனரில் கூலன்ட் எண்ணைப் பார்க்க அரை நிமிடம் ஆகும், அதை முதலில் பாருங்கள்.